நல்ல செய்தி வந்த வீடு



பிப்ரவரி மாதத்தின் முதல் நாட்கள் நம் திருவழிபாட்டு நாள்காட்டியில் நோயாளருக்கென்றே ஒதுக்கியவை போலத் தோன்றும். 2-ஆம் நாள் ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த விழா. மெழுகுதிரிகளை மந்திரித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். மறுநாள் தொண்டை நோய்களுக்குப் பாதுகாவலரான புனித பிளேசியுஸ் நினைவு. 11-ஆம் நாள் லூர்து அன்னையின் நாள். அதையே திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992-இல் உலக நோயாளர் தினமாக அறிவித்தார். இடையில் 4-ஆம் நாளை உலகமே புற்றுநோய் தினமாகக் கடைப்பிடிக்கிறது. இந்தப் பத்து நாட்களுக்குள்தான் நாம் பீடத்தில் நின்றுகொண்டு ஒரு தவறு செய்தோம். அதிலிருந்து நாம் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

நரிக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் இருக்கிறார். நாற்பது வயதைக் கடந்தவர். மிளகாய்க் கொல்லையிலும் பருத்திக் காட்டிலும் கூலிக்குப் போய் மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். மார்பகத்தில் வந்த கட்டியை ஓராண்டுக்கும் மேலாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். மதுரைக்குக் கொண்டுபோனபோது நோய் நுரையீரலுக்கும் எலும்புக்கும் பரவியிருந்தது. நான்காம் நிலை என்றார்கள். ஊசி மருந்து ஏற்றினார்கள், பிறகு மாத்திரை கொடுத்தார்கள். பொங்கல் கழிந்து எடுத்த ஸ்கேன் அறிக்கையைப் பார்த்த மருத்துவர் சிரித்த முகத்தோடு, "நல்ல செய்திம்மா" என்றாராம். நுரையீரலில் இருந்த கட்டிகள் கொஞ்சம் சுருங்கியிருக்கின்றன, புதிதாக எதுவும் இல்லை.

மகன் நமக்குக் கைப்பேசியில் சொன்னபோது நமக்கும் மகிழ்ச்சி தாங்கவில்லை. அந்த ஞாயிறு திருப்பலியில் நன்றிக் கருத்து வாசித்தோம். "நம் சகோதரி புற்றுநோயிலிருந்து முழுமையாகக் குணம் பெற்றமைக்காக இறைவனுக்கு நன்றி கூறுவோம்" என்று நாமே சொந்தமாகச் சேர்த்தும் சொன்னோம். கோவில் முழுவதும் கை தட்டியது.

பூசை முடிந்து சக்ரீஸ்து வாசலில் அவர் வந்து நின்றார். தலைமுடி இப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது; முக்காடு போட்டிருந்தார். "சாமி, எனக்குச் சொகமாயிருச்சுன்னு சொல்லிட்டீக. சொகமாகல சாமி. நின்னுருக்கு. அம்புட்டுத்தேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. நமக்குத்தான் என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

'நின்னுருக்கு' என்ற அந்தச் சொல்லை மருத்துவர்கள்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை. அது என்னவென்று முதலில் புரிந்துகொள்வோம்.

நான்காம் நிலை என்றால் நோய் பிறந்த இடத்தை விட்டு, இரத்தத்தின் வழியாகவோ நிணநீர் வழியாகவோ உடலின் வேறு உறுப்புக்குப் போய் அங்கே வேர் ஊன்றிவிட்டது என்று பொருள். கட்டியை அறுத்து எடுத்துவிட்டால் முடிந்தது என்ற நிலை தாண்டிவிட்டது. பெரும்பாலான புற்றுநோய்களில் இந்தக் கட்டத்தில் மருத்துவர்களின் நோக்கம் நோயை அடியோடு அழிப்பது அன்று. அதைக் கட்டுக்குள் வைப்பது, வலியைக் குறைப்பது, வாழும் நாட்களைக் கூட்டுவது, அந்த நாட்களை வாழத்தக்கவையாக ஆக்குவது. சிலர் இப்படிப் பல ஆண்டுகள் வாழ்கிறார்கள். சிலருக்குச் சில மாதங்களே. எந்த உறுப்பில் தொடங்கியது, எந்த வகை, எந்த மருந்துக்கு மசிகிறது என்பதைப் பொறுத்தது அது.

சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கிறார்கள். முக்கியமான கட்டிகளின் குறுக்களவுகளை அளந்து கூட்டுகிறார்கள். அந்தக் கூட்டுத்தொகை முதலில் இருந்ததைவிட 30 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்தால் மருந்துக்கு ஓரளவு பலன் இருக்கிறது என்பார்கள். இதுவரை இருந்ததில் மிகக் குறைந்த அளவிலிருந்து 20 விழுக்காடோ அதற்கு மேலோ கூடினாலும், புதிய கட்டி ஒன்று தோன்றினாலும் நோய் முன்னேறுகிறது என்பார்கள். இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் 'ஸ்டேபிள்'. அதாவது நின்றிருக்கிறது. கட்டிகள் கண்ணுக்கே தெரியாமல் மறைந்துபோனால் 'ரெமிஷன்' என்ற சொல் வரும். அதுவும்கூட இனித் திரும்பாது என்ற வாக்குறுதி அன்று. மகிழ்ச்சியில் நாம் இந்தப் படிகளையெல்லாம் தாண்டிக் குதித்து 'குணம்' என்ற கடைசிப் படியில் போய் நின்றுகொண்டோம்.

நம் வட்டாரத்து மக்களுக்கு வேறு மாதிரிச் சொன்னால் எளிதில் விளங்கும். கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது, கரை உடையவில்லை, இந்தப் போகம் தப்பிக்கும். அது நல்ல செய்திதான். வானம் பார்த்த பூமியில் பிறந்தவர் அதை நல்ல செய்தி இல்லை என்று சொல்லமாட்டார். ஆனால் இனிமேல் மழையே வேண்டாம் என்றும் சொல்லமாட்டார்.

ஒரு சொல் பிசகினால் என்ன பெரிய கேடு வந்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். நாமும் அப்படித்தான் நினைத்தோம். அடுத்த வாரம் அவர் வீட்டுக்கு நற்கருணை கொண்டுபோனபோது அவரே சொன்னார். நோய் முற்றிய செய்தி வந்தபோது வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். செபமாலைச் சங்கத்துப் பெண்கள் வாரம் இருமுறை வந்தார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மூத்த மகன் விடுப்பு எடுத்து வந்து தங்கினான். அக்கம்பக்கத்தார் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்கவிடவில்லை. நல்ல செய்தி வந்தது. நாம் கோவிலில் அறிவித்தோம். மகன் திருப்பூருக்குப் போய்விட்டான். செபமாலை நின்றுபோனது. "அதுதான் சொகமாயிருச்சுல்ல, வேலைக்கு வரலாம்ல?" என்று கொல்லைக்காரர் ஆள் அனுப்பினார். மாத்திரையால் வரும் அசதியும், எலும்பு வலியும், அடுத்த ஸ்கேன் பற்றிய பயமும் அப்படியே இருந்தன. ஆனால் அவற்றைச் சொல்வதற்கு இப்போது ஆள் இல்லை. சொன்னால், "ஆண்டவர் இவ்வளவு செய்திருக்கிறார், இன்னும் என்ன குறை?" என்ற பதில். நன்றிகெட்டவள் என்ற பெயர் வந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டாராம்.

இதைவிட ஒன்று நம்மை அதிகமாகத் தைத்தது. அவருடைய கடைக்குட்டிக்கு மற்றப் பிள்ளைகளோடு மே மாதம் புதுநன்மை. மே மாதம் தாய் இருப்பாரோ மாட்டாரோ என்று அஞ்சி, தவக்காலத்துக்கு முன்பே அவனுக்குத் தனியாகக் கொடுப்பதாக நாம் ஒப்புக்கொண்டிருந்தோம். அறிக்கை நன்றாக வந்ததும் நாமும் மறைக்கல்வி ஆசிரியையும் பேசி, "இனி அவசரமில்லை, எல்லாரோடும் சேர்ந்து வாங்கட்டும்" என்று மே மாதத்துக்கே தள்ளிவிட்டோம். அவரிடம் கேட்கவே இல்லை. நல்ல செய்தியின் பெயரால் அவர் கையில் இருந்த நல்லது ஒன்றை நாமே பிடுங்கிக்கொண்டோம்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டார் அனைவரும் அறிந்த ஒரு நோயாளியை நினைத்துப் பார்ப்போம். அரசியல் பேசுவது நம் நோக்கமன்று.

1968-ஆம் ஆண்டு செப்டம்பரில், அன்றைய முதலமைச்சர் அறிஞர் அண்ணா உணவுக்குழாயில் வந்த புற்றுநோய்க்காக நியூயார்க் சென்று, மெமோரியல் மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டார். நவம்பரில் சென்னை திரும்பினார். மாநிலமே பெருமூச்சு விட்டது. அறுவை நன்றாக முடிந்தது என்பது ஒரு நல்ல செய்தி. ஆனால் அந்த மாதங்களில் அவர் உண்மையில் காத்திருந்த செய்தி அதுவன்று என்றே நமக்குத் தோன்றுகிறது. 1967 ஜூலை 18-ஆம் நாள் சட்டமன்றம், சென்னை மாநிலத்தின் பெயரைத் தமிழ்நாடு என்று மாற்ற வேண்டுமென ஒருமனதாகத் தீர்மானித்திருந்தது. 1968-இன் இறுதியில் நாடாளுமன்றம் அதற்கான சட்டத்தை நிறைவேற்றியது. டிசம்பர் 1-ஆம் நாள் சென்னையில் பெயர்மாற்ற விழா. மருத்துவர்கள் வேண்டாம் என்று தடுத்தும் அண்ணா அந்த விழாவுக்கு வந்தார், பேசினார். அந்த நாளில் வராத உடல் எதற்கு என்ற பொருள்பட அவர் பேசியதாக அந்தத் தலைமுறையினர் இன்றும் சொல்வார்கள். 1969 ஜனவரி 14, பொங்கல் நாளில் புதிய பெயர் நடைமுறைக்கு வந்தது. அந்த ஜனவரியிலேயே தியாகராய நகரில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சிலையைத் திறந்துவைத்தார். பிப்ரவரி 3-ஆம் நாள் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. தொண்டைக்குப் பாதுகாவலரான புனித பிளேசியுஸ் நாள் அது. தற்செயல்தான். ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் மெழுகுதிரிகளைக் குறுக்காக வைத்துத் தொண்டையை மந்திரிக்கும்போது நமக்கு அவர் நினைவு வருவதுண்டு.

அந்தப் பெயருக்காக நம் மாவட்டத்து மண்ணில் ஒருவர் உயிரையே கொடுத்திருந்தார். விருதுநகரில் தியாகி சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27-ஆம் நாள் உண்ணாநோன்பு தொடங்கி, எழுபது நாட்களுக்கும் மேலாக இருந்து, அக்டோபரில் இறந்தார். மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயரிடுவது அவருடைய கோரிக்கைகளில் ஒன்று. அவர் அந்தச் செய்தியைக் கேட்கவில்லை. அண்ணா கேட்டார், சாவுக்குச் சில வாரங்களுக்கு முன்பு.

கத்தோலிக்கர் அறிந்திருக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. கோவா விடுதலைக்குப் போராடிய மோகன் ரானடே என்பவர் 1955-இல் கைதாகி, கோவா 1961-இல் விடுதலையான பிறகும் போர்த்துக்கல் நாட்டுச் சிறையிலேயே கிடந்தார். 1968-இல் உரோமையில் திருத்தந்தை ஆறாம் பவுலைச் சந்தித்த அண்ணா, தமக்கென்று எதுவும் கேட்காமல் அவருடைய விடுதலைக்காகப் பரிந்துரைக்குமாறு வேண்டிக்கொண்டார். ரானடே விடுதலையானது 1969 ஜனவரியில், அண்ணாவின் கடைசி மாதத்தில்.

இதை ஏன் இவ்வளவு நீளமாகச் சொல்கிறோம்? நோயாளிக்கு நல்ல செய்தி என்றதும் நம் கண் ஸ்கேன் காகிதத்தையே பார்க்கிறது. நோயாளியோ வேறு எதற்காகவோ காத்திருக்கலாம். ஒரு மாநிலத்தின் பெயருக்காக. யாரோ ஒருவரின் விடுதலைக்காக. மகளுக்கு நர்சிங் படிப்பில் கிடைக்கும் இடத்துக்காக. கடைக்குட்டி வெள்ளைச் சட்டை போட்டு முதன்முறையாக நாவை நீட்டி ஆண்டவரை வாங்கும் ஒரு நாளுக்காக.

பக்கத்திலேயே இன்னோர் எடுத்துக்காட்டும் இருக்கிறது. நரிக்குடியிலிருந்து விருதுநகர் போகும் இரயில் தடத்தில் அடுத்து வரும் திருச்சுழியில்தான் 1879-இல் ரமண மகரிஷி பிறந்தார். அவருக்கும் இடக்கையில் புற்றுநோய்க் கட்டி வந்தது. 1949-ஆம் ஆண்டில் நான்கு முறை அறுவை செய்தார்கள். கட்டி மீண்டும் மீண்டும் வளர்ந்தது. 1950 ஏப்ரல் 14-ஆம் நாள் திருவண்ணாமலையில் மறைந்தார். சமயம் வேறானாலும், அவரைச் சூழ்ந்திருந்த அன்பர்கள் ஒவ்வோர் அறுவைக்குப் பிறகும் எப்படி நம்பியிருப்பார்கள், எப்படித் தவித்திருப்பார்கள் என்பதை நோயாளி உள்ள எந்த வீட்டாரும் உணர முடியும்.

விவிலியத்தில் நல்ல மருத்துவ அறிக்கை பெற்றவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவர் எசேக்கியா அரசர் (2 அரசர்கள் 20, எசாயா 38). சாகும் தறுவாயில் கிடந்தார். இறைவாக்கினர் எசாயாவே வந்து, வீட்டுக் காரியங்களை ஒழுங்கு செய்துகொள், நீ பிழைக்கமாட்டாய் என்று சொல்லிவிட்டுப் போனார். அரசர் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். எசாயா நடுமுற்றத்தைக் கடப்பதற்குள் ஆண்டவர் அவரைத் திருப்பி அனுப்பினார்: இன்னும் பதினைந்து ஆண்டுகள். உடனே எசாயா செய்யச் சொன்னது என்ன தெரியுமா? அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து புண்ணின்மேல் வைக்கச் சொன்னார். ஆண்டவரின் வாக்கு கிடைத்துவிட்டது, மருந்து எதற்கு என்று அவர் நினைக்கவில்லை. செபக்கூட்டத்துக்குப் போய்வந்து மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்கள் இந்த அத்திப்பழத்தைக் கவனிக்க வேண்டும்.

எசேக்கியாவுக்குக் கிடைத்தது என்றும் சாகாமை அன்று; பதினைந்து ஆண்டுகள். ஓர் எல்லையோடு வந்த நல்ல செய்தி அது. அந்த ஆண்டுகளை அவர் முழுவதும் நன்றாகச் செலவிட்டார் என்றும் சொல்ல முடியாது. நலம் விசாரிக்க வந்த பாபிலோன் தூதருக்குத் தம் கருவூலத்தைத் திறந்து காட்டிப் பெருமையடித்தார். அதற்காக எசாயா கண்டித்தார். அந்த ஆண்டுகளில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். மனாசே பன்னிரண்டு வயதில் அரசனானான் என்று விவிலியம் சொல்வதால், அவன் நீட்டிக்கப்பட்ட ஆண்டுகளில் பிறந்தவன் என்பது கணக்கில் தெரிகிறது. யூதாவின் மிக மோசமான அரசர்களில் ஒருவன் அவன்! ஆனால் மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தைப் புரட்டுங்கள். ஆண்டவர் இயேசுவின் மூதாதையர் பட்டியலில் எசேக்கியாவும் இருக்கிறார், மனாசேயும் இருக்கிறான். கூடுதலாகக் கிடைத்த நாட்களிலிருந்து இறைவன் எதை எடுத்துக்கொள்வார் என்று யார் கணிக்க முடியும்?

நம் காலத்திலும் ஒருவர் உண்டு. சிகாகோ பேராயராக இருந்த கர்தினால் ஜோசப் பெர்னார்டினுக்கு 1995 ஜூனில் கணையத்தில் புற்றுநோய் கண்டு அறுவை செய்தார்கள். ஓராண்டுக்கு மேல் நன்றாக இருந்தார். அந்த நாட்களில் மற்றப் புற்றுநோயாளிகளைத் தேடிப்போய்ச் சந்திப்பதையே தம் முதல் பணியாக ஆக்கிக்கொண்டார். 1996 ஆகஸ்டில் நோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்று தெரிந்ததும் செய்தியாளர்களைக் கூட்டித் தாமே அறிவித்தார். நவம்பர் 14-ஆம் நாள் இறந்தார். நல்ல செய்தியையும் கெட்ட செய்தியையும் அவர் மக்களிடம் ஒரே குரலில் சொன்னார் என்பதுதான் நம்மைக் கவர்கிறது. நம் வீடுகளில் இது அரிது. கெட்ட அறிக்கையை நோயாளியிடமிருந்து ஒளிக்கிறோம். நல்ல அறிக்கையை ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கிறோம். இரண்டிலும் நோயாளியைக் கேட்பதில்லை. அது அவருடைய உடல், அவருடைய செய்தி. யாரிடம், எப்போது, எந்தச் சொல்லில் சொல்வது என்பதையும் அவரே தீர்மானிக்க வேண்டும். பங்குச் சாமியார் அன்று!

அடுத்து, நோயில்பூசுதல் பற்றி. நம் சகோதரிக்கு நோய் முற்றியது தெரிந்தபோதே இந்த அருள்சாதனத்தைக் கொடுத்தோம். நல்ல அறிக்கை வந்ததும் ஒரு பெரியவர் நம்மிடம், "பூசியாச்சு, பிழைச்சிட்டா, இனி எப்படிச் சாமி?" என்று கேட்டார். 'அவஸ்தைப் பூசுதல்' என்ற பழைய பெயர் இன்னும் மனதில் இருக்கிறது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இது சாகும் தறுவாயில் இருப்போருக்கு மட்டுமான அருள்சாதனம் அன்று என்று தெளிவாக்கியது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதற்கான புதிய சடங்கு முறையை ஏற்படுத்தினார். பூசுதல் பெற்றவர் நலமடைந்து மீண்டும் கடுமையாக நோயுற்றாலும், அதே நோய் இன்னும் மோசமானாலும் மறுபடி பெறலாம் (திருச்சபையின் மறைக்கல்வி 1515). பெரிய அறுவைக்கு முன்பும் பெறலாம். திருத்தூதர் யாக்கோபு எழுதியது 'உங்களுள் யாரேனும் நோயுற்றிருந்தால்' என்ற பொருளில்தான். 'சாகப்போகிறவர்' என்று அவர் எழுதவில்லை (யாக் 5:14). அறிக்கை நன்றாக இருக்கும்போது அமைதியான மனத்தோடு, குடும்பத்தார் சூழ இதைப் பெறுவது எவ்வளவு அழகு! நினைவு தப்பிய பிறகு இரவோடு இரவாக ஓடிவந்து கதவைத் தட்டுகிறவர்களுக்காகவே இதைச் சற்று அழுத்திச் சொல்கிறோம்.

வலி பற்றியும் ஒரு சொல். வலியைத் தாங்கிக்கொள்வதுதான் புண்ணியம், மார்ஃபின் போட்டால் பாவம் என்று சிலர் எண்ணுகிறார்கள். திருச்சபை அப்படிக் கற்பிக்கவில்லை. 1957-லேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், மயக்க மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில், கடும் வலியைத் தணிக்க இத்தகைய மருந்துகளைக் கொடுக்கலாம் என்று விளக்கினார். நோய்த்தணிப்புச் சிகிச்சையைத் தன்னலமற்ற அன்பின் சிறப்பான வடிவம் என்ற கருத்தில் மறைக்கல்வி பாராட்டுகிறது (2279). இந்தச் சிகிச்சை கடைசி வாரத்துக்கு மட்டும் உரியதன்று. ஸ்கேன் நன்றாக இருக்கும் நாட்களிலும் வலி இருக்கும், தூக்கம் இராது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் அடங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

செலவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தச் சிந்தனை வசதி படைத்தவர்களுக்கானதாகிவிடும். நல்ல அறிக்கை வருவதற்கே மருந்து கைக்கு எட்ட வேண்டும். நாட்பட்ட இரத்தப் புற்றுநோய் வகை ஒன்றுக்கு இமாட்டினிப் என்ற மாத்திரை 2001-இல் வந்தது. சாவோலையாக இருந்த நோயை, தினமும் மாத்திரை விழுங்கி வாழக்கூடிய நோயாக அது மாற்றியது. ஆனால் நிறுவனத்தின் விலை மாதத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேல். இந்தியத் தயாரிப்புகளோ அதில் பத்தில் ஒரு பங்கு அளவில் கிடைத்தன. அந்த நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006-இல் மறுத்தது சென்னையில் உள்ள காப்புரிமை அலுவலகம்தான். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை வந்து, கடைசியில் 2013 ஏப்ரல் 1-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அந்த மறுப்பை உறுதி செய்தது. அன்று பல்லாயிரம் வீடுகளுக்கு நல்ல செய்தி போயிற்று. அவர்களில் பலருக்கு அது எங்கிருந்து வந்ததென்றே தெரிந்திருக்காது. அடையாறு மருத்துவமனையும் அப்படித்தான். புற்றுநோயில் தங்கையை இழந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் துயரத்தில் பிறந்து, 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது அது. இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. ஆனால் மதுரைக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணமும், உடன் போகிறவருடைய ஒரு நாள் கூலி இழப்பும் எந்தக் காப்பீட்டிலும் வராது. பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையினர் கவனிக்கக்கூடிய இடம் இது என்று நாம் கருதுகிறோம்.

'சாட்சியம்' சொல்லும் வழக்கம் பற்றியும் நமக்கு ஒரு கருத்து உண்டு. சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். நல்ல அறிக்கை வந்தவரை மேடையேற்றி, "நான் முழுக்கக் குணமாகிவிட்டேன்" என்று சொல்லவைக்கிறோம். மூன்று மாதம் கழித்து அறிக்கை மாறினால் அவர் எந்த முகத்தோடு கோவிலுக்கு வருவார்? தம் விசுவாசம் குறைந்ததால்தான் நோய் திரும்பியது என்று அவரே எண்ணிக்கொள்வார். அவரைச் சுற்றியிருப்பவர்களும் எண்ணுவார்கள். நோயோடு இந்தப் பழியும் சேர்கிறது. இலாசரை ஆண்டவர் உயிர்ப்பித்தார். அவர் மறுபடி ஒருநாள் இறந்துதானே போனார்? அதனால் பெத்தானியாவில் நடந்தது பொய்யாகிவிடவில்லை. மார்த்தா பணிவிடை செய்ய, இலாசர் ஆண்டவரோடு பந்தியில் அமர்ந்திருந்த அந்த விருந்தும் (யோவா 12) உண்மையாகவே நடந்தது. முதியவர் சிமியோன் கேட்ட நல்ல செய்தியும் அவருடைய வயதைக் குறைக்கவில்லை. குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, இனிப் போகலாம் என்றார்.

அடுத்த ஞாயிறு நாம் கோவிலில் திருத்திச் சொன்னோம். அதற்கு முன் அவரிடம் அனுமதி கேட்டோம். என்ன சொல்லலாம் என்றும் கேட்டோம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மருந்து கேக்குதுன்னு சொல்லுங்க சாமி. செபத்த நிறுத்திராதீங்கன்னு சொல்லுங்க" என்றார். அப்படியே சொன்னோம். இந்த முறை யாரும் கை தட்டவில்லை. பூசை முடிந்ததும் செபமாலைச் சங்கத் தலைவி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்ததைப் பார்த்தோம்.

பையனுக்குப் புதுநன்மையை, பேசியிருந்தபடியே, லூர்து அன்னை நாளில் கொடுத்தோம். மாலைத் திருப்பலி. மூத்தவன் திருப்பூரிலிருந்து ஒருநாள் விடுப்பில் வந்திருந்தான். வெள்ளைச் சட்டையின் கையை அந்தத் தாயே இரவு உட்கார்ந்து மடித்துத் தைத்திருந்தார். பையன் மெழுகுதிரியைச் சாய்த்துப் பிடித்ததில் சட்டையெல்லாம் மெழுகு சொட்டியது. அவர் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த ஸ்கேன் உயிர்ப்பு விழா முடிந்து சித்திரையில். அன்று மதுரைக்கு முதல் பேருந்தில் உடன் போவதற்குச் சங்கத்துப் பெண் ஒருவர் இப்போதே பெயர் கொடுத்திருக்கிறார்.